கடல் கடந்த நம் முன்னோரும் அவர்தம் வரலாற்றை எழுதும் பணியும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

     

புலம்பெயர்ந்தோர் வரலாற்றை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவன் நான். அத்துறையில் நான் பெற்ற அனுபவத்தைப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். என்னைப் பற்றிச் சொல்லக் கூடியது மிகக் குறைவு. இவ்வட்டாரத்துச் சேரி ஒன்றில் பிறந்து, அரசு விடுதியில் தங்கிப் படித்து, கல்லூரி ஆசிரியனாகி, ஓய்வு நேரமெல்லாம் ஆவணக் காப்பகத்தில் கழித்தவன் என்பதோடு அது முடிந்துவிடும். ஆனால் நான் படித்த ஆவணங்களைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. அவை உங்களுடையவை, உங்கள் பாட்டன் பூட்டன்மாரின் பெயர்கள் பொறிக்கப்பட்டவை. அவற்றைப் படிக்க வேண்டியவர்களும் நீங்களே. இதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நம் உத்திரமேரூரின் பெருமையை உலகம் அறியும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இங்கே இருக்கின்றன. குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த விதத்தை அவை விரிவாகக் கூறுகின்றன. மக்களாட்சியின் தொட்டில் என்று மேடைதோறும் புகழப்படுவது நம் ஊர். புகழட்டும், ஆயினும் அக்கல்வெட்டை முழுவதும் படித்துப் பாருங்கள். குடத்தில் இட வேண்டிய ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கு, கால் நிலத்துக்கு மேல் இறைநிலம் வேண்டும். தன் மனையிலே கட்டிய வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருக்க வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். இது பிராமணச் சபையின் ஏற்பாடு. நிலமும் மனையும் வேதமும் மறுக்கப்பட்டவனின் பெயர் அந்த ஓலையில் ஏறியிருக்க வழியே இல்லை. அந்நூற்றாண்டுகளில் நாம் இல்லாமல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகளில் பறைச்சேரி என்னும் சொல் ஊர்தோறும் வருகிறது. சேரி வருகிறது, சேரியில் இருந்தவனின் பெயர் வருவதில்லை.

அவ்வாறாயின், நம் முன்னோர் ஒவ்வொருவருடைய பெயரையும், தந்தை பெயரோடும் ஊரோடும் அங்க அடையாளத்தோடும் வரிசையாக எழுதிவைத்த முதல் ஏடு எது? எனக்குத் தெரிந்தவரை அது கப்பல் பட்டியலே. நம்மை மனிதராகக் கருதி எழுதினார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். சரக்கை எண்ணிக் கப்பலேற்றுவது போலத்தான் எழுதினார்கள். ஆனாலும் எழுதினார்கள்.

1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'டிரூரோ' என்னும் கப்பல் 342 பேருடன் புறப்பட்டது. நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் குடியேற்ற நாட்டிலுள்ள டர்பன் துறையை அது அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையிலிருந்து கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அவ்வெண்ணுக்கு நேராகப் பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா என்பது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உயரம், உடம்பிலுள்ள தழும்பு ஆகியவை குறிக்கப்பட்டன. இதற்கும் முந்தியது மொரீசியசு. 1834 முதல் அத்தீவுக்குச் சென்ற ஏறத்தாழ நான்கரை இலட்சம் பேரின் ஏடுகள் மோகா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் காக்கப்படுகின்றன. பலருடைய புகைப்படங்களும் அங்கே உள்ளன. அவர்கள் கரையேறிய படித்துறையை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இப்பட்டியல்களைப் படிப்பது எளிதன்று. எழுத்தர் காதில் விழுந்ததை விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். ஒரே ஊர் பத்து விதமாக வரும். நம் உத்திரமேரூரையே அக்காலத்து ஆங்கில ஏடுகள் 'உத்தரமல்லூர்' என்று எழுதின. நம் ஊர்கள் அன்று செங்கற்பட்டு மாவட்டத்து மதுராந்தகம் வட்டத்தில் இருந்தன. காஞ்சிபுரம் மாவட்டம் என்பது 1997இல் பிறந்தது. இதை அறியாதவன் பட்டியலில் காஞ்சிபுரம் மாவட்டத்தைத் தேடிக்கொண்டே இருப்பான். இந்த ஏடுகளுக்கு உண்மையிலேயே தேவைப்படுவது, ஓர் ஊரின் பெயர் அரைகுறையாக எழுதப்பட்டிருந்தாலும் 'இது இன்ன ஏரிக்கு மேற்கே இருக்கிற ஊர்' என்று சொல்லத் தெரிந்தவனே. அந்த அறிவை இலண்டனில் பெற முடியாது. இங்கே மாடு மேய்த்தவனுக்கு அது இயல்பாகவே வாய்த்திருக்கிறது.

இனி, ஏன் போனார்கள் என்பதைப் பார்ப்போம். ஆசை காட்டி ஏமாற்றப்பட்டுப் போனார்கள் என்று பாடநூல்கள் சொல்லும். ஏமாற்றம் இருந்தது, பொய் சொல்லிய ஆள்பிடிகள் இருந்தார்கள், ஐயமில்லை. ஆயினும் அதை மட்டும் சொல்வது நம் முன்னோரை அறிவற்றவர்களாக்கிவிடும். அவர்கள் எதை விட்டுப் போனார்கள் என்பதை அறிய, 1891இல் செங்கற்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரெமென்கீர் எழுதிய அறிக்கையைப் படிக்க வேண்டும். பறையர் வாழ்நிலை குறித்த அவ்வறிக்கை நம் மாவட்டத்தைப் பற்றியது. நம் சேரிகளைப் பற்றியது. குடியிருக்கும் குடிசையின் மனையும் மிராசுதாருக்கே உரியதெனச் சொல்லப்பட்டதால், எதிர்த்துப் பேசியவன் வீட்டையே இழக்க நேர்ந்தது. தரிசு நிலம் கேட்டு மனுப்போட்டால் மிராசுதாரருக்கே முன்னுரிமை. கடன் வாங்கிய பண்ணையாள் அக்கடனைத் தீர்க்கும்வரை, அதாவது சாகும்வரை, பண்ணையைவிட்டு நகர இயலாது. அவ்வறிக்கையின் பயனாகத்தான் 1892இல் அரசாணை பிறந்து, பஞ்சமி நிலம் என்று நாம் இன்றுவரை பேசியும் போராடியும் வருகின்ற நில ஒதுக்கீடு தொடங்கிற்று. இவற்றுக்கு இடையே 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். வேறு வேலை இல்லாத மக்கள் பக்கிங்காம் கால்வாயில் பஞ்ச நிவாரண வேலைக்கு மண் சுமந்தார்கள். அக்காலத்தில் இலங்கைக்குப் போனவர்களின் எண்ணிக்கை திடீரென உயர்ந்தது.

கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று மேல்சாதியார் அஞ்சினர். போவதால் இழப்பதற்குச் சாதிப்பெருமை எதுவும் இல்லாத நம்மவர்க்கு அந்த அச்சம் இல்லை. ஐந்தாண்டு ஒப்பந்தம், மாதம் பத்து ஷில்லிங் சம்பளம், அரிசி, பருப்பு. சவுக்கடியும் உண்டு, நோயும் உண்டு. ஆனால் ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவு நாள் இருந்தது. பண்ணையாள் நிலைக்கு முடிவு நாள் இருக்கவில்லை. இவ்வேறுபாட்டை நம் பூட்டன் நன்றாகவே புரிந்துகொண்டான் என்பது என் கருத்து.

அடுத்து, என் ஆராய்ச்சிக் காலம் முழுவதும் என்னை விடாமல் தொடர்ந்த வினா ஒன்றுண்டு. கடலைத் தாண்டியவுடன் சாதி ஒழிந்ததா? டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாதி பற்றிப் படித்த கட்டுரையில், இந்துக்கள் பிற நாடுகளில் குடியேறினால் சாதி உலகப் பிரச்சினையாகிவிடும் என்னும் கேட்கரின் கருத்தை எடுத்துக்காட்டினார். அது உண்மையா? உண்மை, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. இவ்வேற்றுமைக்குக் காரணம், ஆள் எடுத்தவன் யார் என்பதே.

நேட்டாலுக்கும் மொரீசியசுக்கும் ஆள் எடுத்தவர்கள் தரகர்கள். அவர்கள் தனித்தனி ஆட்களைச் சேர்த்துச் சென்னைக் கிடங்கில் அடைத்தனர். பல ஊரார், பல சாதியார், தெலுங்கர், தமிழர் யாவரும் ஒரே கப்பலின் அடித்தளத்தில் ஒரே பானைச் சோற்றை உண்டனர். கரும்புத் தோட்டத்தில் ஊர் என்றும் சேரி என்றும் இரண்டு இல்லை. வண்ணான் இல்லை, வெட்டியான் இல்லை, பறை அடிக்க வேண்டிய கடமையும் இல்லை. சாதி உணர்வு திருமணத்திலும் கோயிலிலும் தங்கியது; ஆனால் ஊரையே கட்டியாளும் ஏற்பாடாக அது அங்கே எழுந்து நிற்க முடியவில்லை.

இலங்கை மலைநாட்டுக்கும் மலேயாவுக்கும் நிகழ்ந்தது வேறு. அங்கே ஆள் எடுத்தவன் கங்காணி. அவன் தன் ஊருக்கே வந்து, தன் உறவினரையும் தனக்குக் கட்டுப்பட்ட சேரி மக்களையும் கூட்டமாக அழைத்துச் சென்றான். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தான், அது கடனாயிற்று. அக்கடனை எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டிலுள்ள தொகையைக் கட்டுகிற தோட்டத்துக்குத்தான் தொழிலாளி மாற முடியும். ஊரோடு போனதால் ஊரின் சாதியும் உடன் போயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளரில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியார். கங்காணிகளோ பெரும்பாலும் மேலிருந்த சாதியார். லயங்களில்கூடச் சாதிவாரியாக அறைகள் ஒதுக்கப்பட்டன. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. லயத்து வேறுபாடு அத்தனை விரைவில் ஒழியவில்லை. கடல் சாதியைக் கரைக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுபவர்கள் இலங்கையைப் பார்க்கட்டும்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது கப்பலில் இருக்க வேண்டும் என்று விதி. அப்பெண்களை ஒழுக்கம் கெட்டவர்கள் என்று தோட்ட முதலாளியும் எழுதினான், நம் நாட்டுச் சீர்திருத்தவாதியும் எழுதினான். பட்டியலைப் படித்தால் கைக்குழந்தையோடு தனியே போன தாய்மார் தெரிகிறார்கள். தங்கையை அழைத்துப் போன அக்காமார் தெரிகிறார்கள். நேட்டாலில் அவர்களுக்கு ஆணுக்குக் கொடுத்ததில் பாதிச் சம்பளமே கிடைத்தது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதோர் ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் வந்தது. பெண்களையும் அது விடவில்லை. அவ்வரியை எதிர்த்து 1913இல் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தில் தமிழ்ப் பெண்கள் சிறை சென்றனர். சிறையில் நோயுற்று, 1914 பிப்ரவரியில் தில்லையாடி வள்ளியம்மை இறந்தார். அவ்வாண்டே வரி நீக்கப்பட்டது. வள்ளியம்மையின் பெயரை நாம் அறிவோம். கூடச் சிறை சென்ற மற்றப் பெண்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவோம்?

இக்காலத்தில் நேட்டாலில் வாழ்ந்த நம் மாவட்டத்துப் பெருமகன் ஒருவரை இளைஞர்கள் மறத்தலாகாது. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்தாம் அவர். 1893இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கி, இழிவாக வீசப்பட்ட பெயரையே தலைப்பாக்கித் தலைநிமிர்ந்தவர். பின்னர்த் தென்னாப்பிரிக்கா சென்று நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். கூண்டில் நின்ற கூலியின் சொல் நீதிபதியின் காதுக்கு அவர் வாய் வழியாகத்தான் போயிற்று. அங்கே காந்தியடிகளோடும் அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. 1921இல் தாயகம் திரும்பிச் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச் சாலை, கிணறு, அலுவலகம் முதலிய இடங்களில் எவரும் தடையின்றிப் புழங்கலாம் என்னும் தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தார். மறு ஆண்டு அது அரசிதழில் வெளியாயிற்று. தீண்டாமை பாராட்டாத தெருவில் பல ஆண்டுகள் நடந்து பழகிய கால்கள், திரும்பி வந்து நம் தெருவைப் பார்த்தபோது பொறுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நான் இதற்குப் பொருள் கொள்கிறேன். தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தை அவர் 1939இல் வெளியிட்டார். சிறிய நூல், ஒரே மாலையில் படித்துவிடலாம். படியுங்கள்.

திரும்ப விரும்பாதவர்களைத் திருப்பி அனுப்பிய கதையும் உண்டு. 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரி அவர்களும் சிறிமாவோ அம்மையாரும் கையொப்பமிட்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரையும் 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பிரித்துக்கொண்டன. மூன்று தலைமுறை தேயிலை பறித்தவர்களிடம் எந்த நாட்டில் வாழ விருப்பம் என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்காமல் எண்களை முதலில் முடிவுசெய்தார்கள். குடத்தில் ஓலை இல்லாதவனின் நிலை ஆயிரம் ஆண்டு கழித்தும் இதுதான்.

இவற்றையெல்லாம் எழுதியவர்கள் யார்? நிலமும் சாதியும் பற்றித் தர்மா குமார் 1965இல் எழுதினார். மலேயா இந்தியரைப் பற்றி 1969இல் கெர்னியல் சிங் சந்துவும், 1970இல் யாழ்ப்பாணத்தவரான சின்னப்பா அரசரத்தினமும் எழுதினர். ஒப்பந்தக் கூலி முறையைப் புதுவகை அடிமைத்தனம் என்று காட்டி ஹியூ டிங்கர் 1974இல் எழுதினார். நேட்டால் கப்பல் பட்டியல்களைச் சுரேந்திர பாணா ஆராய்ந்து 1991இல் வெளியிட்டார். இவர்கள் அனைவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் மாணவர்களாகிய உங்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்பும் பெயர் பிரிஜ் லால் என்பது. பீஜித் தீவில் 1952இல் பிறந்தவர். ஒப்பந்தக் கூலியாக வந்தவரின் பேரன். கரும்பு விவசாயியின் மகன். பெற்றோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அவர் கல்கத்தா வழியாகப் பீஜிக்குச் சென்ற ஏறத்தாழ 45,000 பேரின் குடியேற்றச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கிட்டு, 1983இல் நூலாக்கினார். அவர்கள் நகரத்துக் குப்பைகள் என்று வெள்ளையர் எழுதியிருந்ததை, அச்சீட்டுகளின் எண்ணிக்கையைக் கொண்டே தவறென்று காட்டினார். பிறகு ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பீஜியின் அரசியலமைப்பைச் சீர்செய்த குழுவிலும் இடம்பெற்றார். இராணுவ ஆட்சியைக் குறைகூறியதற்காக 2009இல் பிறந்த நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, 2021இல் அயல்மண்ணில் மறைந்தார். தன் பாட்டனின் சீட்டைத் தானே படித்தவர் அவர். சென்னையிலிருந்து போன நம் பாட்டன்மாரின் சீட்டுகளை நம் சேரிப் பிள்ளைகளில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? மிகச் சிலரே.

இத்துறைக்கு வர விரும்பும் பிள்ளைகளைத் தடுக்கும் குரல்களையும் நான் அறிவேன். 'கூலிக் கதையைக் கிளறி என்ன ஆகப் போகிறது? கோயில் கட்டடக் கலையை எடுத்துக்கொள்' என்று என்னிடமே ஒரு மூத்த ஆசிரியர் சொன்னார். வீட்டிலோ, வேலை கிடைக்கும் படிப்பைப் படி என்பார்கள். அது நியாயமான கவலை, அதை நான் பழிக்க மாட்டேன். வெளிநாட்டில் உயர்கல்வி பெறுவதற்காக ஒன்றிய அரசு 1950களிலிருந்து நமக்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. 2022இல் அத்திட்டத்தின் விதிகளில் ஒரு மாற்றம் செய்தார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு அத்தொகை கிடையாது என்றார்கள். பொறியியல் படிக்கப் போகலாம். தன் மக்களின் வரலாற்றைப் படிக்கப் போகக் கூடாது! அம்பேத்கர் அவர்கள் கொலம்பியாவில் படித்த கட்டுரை எதைப் பற்றியது என்பதை இவ்விதியை எழுதியவர் எண்ணிப் பார்த்தாரா என்று தெரியவில்லை. ஆயினும் சோர்வடைய வேண்டியதில்லை. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு உத்திரமேரூரிலிருந்து பேருந்திலேயே போகலாம். நேட்டால் பட்டியல்கள் இன்று கணினித் திரையிலேயே கிடைக்கின்றன. நல்ல ஆங்கிலமும், பழைய கையெழுத்தைப் பொறுமையோடு படிக்கும் கண்ணும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

மேலும், இது பழங்கதை மட்டுமன்று. 2019 ஜூலையில், நம் காஞ்சிபுரம், அடுத்துள்ள வேலூர்ப் பகுதிகளில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் கொத்தடிமை நிலையினின்று மீட்கப்பட்டார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆனாலும் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் ஆள் பிடிப்பவன் கையில் இன்றும் இருப்பது அந்தக் கங்காணியின் முன்பணமே. துண்டுச் சீட்டின் வரலாறு தெரிந்தவன், இன்றைய முன்பணச் சீட்டைக் கண்டவுடன் அது எத்தகையது என்று அறிந்துகொள்வான். வட்டாட்சியர் முன் எதை எழுதி மனுக்கொடுப்பது என்பதும் அவனுக்குத் தெரியும்.

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மொரீசியசிலிருந்தும் தம் வேர்களைத் தேடி இப்போது பலர் வருகிறார்கள். அவர்கள் கையில் ஓர் எண்ணும், பிழையாக எழுதப்பட்ட ஊர்ப் பெயரும்தான் இருக்கும். ஊருக்குள் வந்து விசாரித்தால், தேரடித் தெருவைக் காட்டிவிட்டுச் சாதியைக் கேட்கிறார்கள். பட்டியலின் அந்தப் பத்தியில் எழுதியிருப்பதை வாய்விட்டுச் சொல்ல அவர்கள் கூசுகிறார்கள். சொன்னவுடன் விசாரிப்பவர் முகம் மாறுகிறது. அவ்வாறு வருபவரைச் சேரிக்கு அழைத்து வந்து, நம் வீட்டுத் திண்ணையில் அமர்த்தி, தண்ணீர் கொடுத்து, 'எங்கள் பெரியப்பன் வழியில் ஒருவர் கப்பலேறிப் போனதாகச் சொல்வார்கள்' என்று பேசத் தொடங்க நம் வீட்டில் ஆள் வேண்டும். பெட்டிகளிலே பழைய பாஸ்போர்ட்டு, இரங்கூன் மணியார்டர் இரசீது, மண்டபம் முகாம் சீட்டு, தோட்டத்திலிருந்து வந்த கடிதம் எது இருந்தாலும் எரித்துவிடாதீர்கள். பழைய பேப்பர்க்காரரிடமும் போடாதீர்கள். தொண்ணூறு வயதுப் பாட்டி சொல்லும் பெயர்களை, உறவுமுறையோடு, ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி போதும் அதற்கு.

நேட்டால் பட்டியல்களில் செங்கற்பட்டு மாவட்டம் எனக் குறிக்கப்பட்ட பகுதிகளை நான் பல ஆண்டுகளாகப் படியெடுத்து வைத்திருக்கிறேன். அவற்றின் நகல்கள் அடங்கிய இரண்டு கட்டுகளை இன்று சங்கத்தின் நூலகத்துக்கு அளித்திருக்கிறேன். மதுராந்தகம் வட்டத்து ஊர்களுக்குச் சிவப்பு மையில் குறியிட்டிருக்கிறேன். எனக்கு எந்த ஊரென விளங்காதவற்றுக்கு எதிரே இடம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் செயலாளர் அவர்கள் நூலகத்தைத் திறந்துவைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பென்சில் கொண்டு வாருங்கள், பேனா வேண்டாம்.